ஏழு லிட்டர் திருட்டு

பல் டாக்டரின் ராஜ்ஜியத்தில் வாயைத் திறக்கும் உரிமை நோயாளிகளுக்கு மட்டும்தான் இருந்தது. மனைவியும் மகளும் வாயை மூடிக்கொண்டே குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிக் காலம் தள்ளப் பழகியிருந்தார்கள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. குடிக்கிறவர், கை நீட்டுகிறவர் என்றால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். தண்ணீரைச் சேமி, தண்ணீரைச் சேமி என்று உயிரை எடுக்கிறவர் மேல் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? கேட்கிறவர்கள் அவருக்குத்தான் கைதட்டுவார்கள். தட்டியும் இருந்தார்கள். பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எதிரில் ‘டாக்டர் சார்’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘சொட்டு டாக்டர்’ என்றும் அழைத்தார்கள். கிளினிக்கில் கொப்பளிக்க அவர் தரும் டம்ளர், இருமல் மருந்து புட்டியின் மூடி அளவுதான் இருக்கும். “போதும், துப்புங்க” என்பார். துப்புவதற்கு வாயில் ஏதாவது இருந்தால்தானே?

வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி. வாளியின் உட்புறம் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அது குளியல் இல்லை, குற்றம். ஷவர்களைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டார். காய்கறி கழுவிய தண்ணீர் தரை துடைக்க, தரை துடைத்த தண்ணீர் செடிக்கு என்று ஒரு சுழற்சியும் ஏற்படுத்தியிருந்தார். அந்தச் சுழற்சியைப் படம் வரைந்து சங்கக் கூட்டத்தில் விளக்கும்போது அம்புக்குறிகள் எவ்வளவு சுலபமாக ஓடின! வீட்டில் அந்த அம்புக்குறி அம்மாதான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து பால்கனிக்கு, இடுப்பில் கை வைத்தபடி வாளியோடு நடக்கிற அம்புக்குறி.

இத்தனை செய்தும் மீட்டர் காட்டும் தினக்கணக்கு இறங்கவில்லை. இறங்காதது மட்டுமல்ல, எட்டு மாதமாக ஏறிக்கொண்டே போனது. தினமும் காலையில் டாக்டர் கீழே போய், வண்டிகள் நிறுத்துமிடத்துச் சுவரில் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு மீட்டர்களில் தன் வீட்டு மீட்டரைப் படித்து வந்து, சமையலறைப் பலகையில் நேற்றைய லிட்டரை எழுதுவார். எழுதிவிட்டுத் திரும்பி இரண்டு பெண்களையும் ஒரு பார்வை பார்ப்பார். பல்லில் ஓட்டை இருக்கும் இடம் தெரியும், எந்தப் பல் என்பதுதான் தெரியவில்லை என்கிற மாதிரி ஒரு பார்வை.

“யாரோ திறந்து விடுறீங்க. நான் கிளினிக் போனதுக்கப்புறம் திறந்து விடுறீங்க.”

“யாருங்க திறக்கப் போறா? அவ கடைக்குப் போயிடறா. நான் ஒருத்தி.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஒருத்தி.”

மாதம் ஒரு முறை வாளியில் கோடு ஒரு விரற்கடை இறங்கியது. போன மாதம் இறங்கியபோது, இடுப்பு வரை தொங்கும் தலைமுடியை அலச இனி வழியில்லை என்று அம்மா சலூனுக்குப் போய்க் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்தாள். அன்று மாலை கூட்டத்தில் டாக்டர் குரல் தழுதழுக்கச் சொன்னார்: “என் மனைவி தாமாகவே முன்வந்து செய்த தியாகம்.” எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அம்மா, பழக்கதோஷத்தில் இல்லாத பின்னலை முன்னால் இழுத்துப் போடக் கை கொண்டுபோய், வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டதை மகள் மட்டும் பார்த்தாள்.

மகளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதித்து, லென்ஸைச் சீவி, பிரேமில் பொருத்திக் கொடுப்பாள். ஒரு நாள் உயரமான ஓர் ஆள் வந்து, கவுன்டரை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த ஆளுயரக் கண்ணாடியிடம் “மேடம், நீச்சல் கண்ணாடிக்குப் பவர் வெச்சுத் தருவீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டான். அவள் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கினால் எந்தக் குழந்தை யாருடையது என்றே தெரியாதாம். முதல் கண்ணாடி சரியாக இருந்தது. ஆனாலும் இறுக்குகிறது, தளர்கிறது, பனி படர்கிறது என்று ஏழு முறை வந்தான். எட்டாவது முறை எந்தக் குறையும் தோன்றாமல் விழித்தபோது அவளே, “காபி குடிக்கப் போலாமா, மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டாள்.

ஒன்றரை வருடம் ஆயிற்று. இப்போது வேறொரு ஊரில், ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் நீச்சல் குளத்தில் அவனுக்கு நல்ல வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதற்குள் கல்யாணம். அப்பா மாட்டேன் என்றாலும் பதிவு செய்துகொண்டு போகலாம்தான். ஆனால் அப்படிப் போனால் இந்தப் பக்கம் கதவு மூடிவிடும், அந்தக் கதவுக்குப் பின்னால் அம்மா தன் கோடு போட்ட வாளியோடு தனியாக இருப்பாள், ஒரு வாரம் தன்னிடம் வந்து தங்கக்கூட அப்பா விடமாட்டார். அவளுக்கு அவனும் வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் அப்பாவின் ஒரு ‘சரி’ வேண்டும்.

முதலில் அம்மாவிடம்தான் சொன்னாள். சொன்ன விதம்தான் தவறாகிவிட்டது.

“நல்லவர்மா. ஒரே ஒரு விஷயம், அப்பாதான் ஒத்துக்கணும். நாள் முழுக்கத் தண்ணியிலேயே இருக்கற ஆளு.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். “அடிப்பாவி! காலையிலயுமா?”

“அஞ்சரை மணிக்கே ஆரம்பிச்சுடுவார்.”

“அஞ்சரைக்கா! குடலு வெந்துபோயிடுமேடி!”

“நீச்சல் குளத்துல வேலைம்மா!”

அம்மாவுக்கு மூச்சு வர ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு யோசித்துவிட்டு, “உங்கப்பாவுக்கு அந்தத் தண்ணியே பரவாயில்லைன்னு தோணும்” என்றாள்.

அப்படியேதான் தோன்றியது. ‘நீச்சல் குளம்’ என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“அஞ்சு லட்சம் லிட்டர்! அஞ்சு லட்சம் லிட்டரைத் தேக்கி வெச்சு அதுல காலை ஆட்டிக்கிட்டு இருக்கறவன் என் வீட்டு மாப்பிள்ளையா? சங்கத்துல நான் யார் முகத்துல முழிக்கிறது?”

“அப்பா, அது அஞ்சு வருஷமா அதே தண்ணிதான். வடிகட்டி வடிகட்டித் திரும்ப விடுவாங்களாம். புதுசா பிடிக்கறதே இல்லை.”

டாக்டர் முகம் சுளித்தார். “அஞ்சு வருஷமா அதே தண்ணியா? சீ!”

மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. அதனால் எச்சில்கூட மிச்சம். நான்காம் நாள் காலை, பலகையில் லிட்டரை எழுதிய கையோடு, டாக்டர் தீர்ப்பைச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. குளிக்காம வரணும். இங்க குளிக்கணும். ஒரு வாளி, கோடு வரைக்கும். பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு யார் வேணா நல்லவனா தெரிவாங்க. ஒரு மனுஷன் எப்படிக் குளிக்கிறான்னு பார்த்தா அவன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுடும்.”

“பார்க்கப் போறீங்களா?” என்று அம்மா திகைத்தாள்.

“மீட்டரைப் பார்ப்பேன்.”

மகள் அதை மாஸ்டரிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் சிரித்தான். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

“பெயிலானா?”

“பெயிலானா நான் அம்மாவை விட்டுட்டு வரணும். இல்லை உங்களை விட்டுட்டு இருக்கணும்.”

“சரி, கண்ணாடி.” அவன் அவளுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் அது. “அரை வாளியிலேயே முடிச்சுக் காட்டறேன். சோப்பு போடலாமா, அதுவும் கூடாதா?”

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தோளில் துண்டோடு வந்து நின்றான். மாமனார் வீட்டுக்கு முதல் முறையாக, எண்ணெய் வழியும் முகமும் கலைந்த தலையுமாக வந்த மாப்பிள்ளை உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். டாக்டர் வரவேற்புக்குப் பதிலாக வாளியைக் காட்டினார். தாமே கோடு வரை பிடித்து வைத்திருந்தார். சமையலறைக் குழாய், பால்கனிக் குழாய், துணி துவைக்கும் மிஷின் எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்தித் திருகி மூடினார். தம் படுக்கையறையை ஒட்டிய குளியலறையைச் சோதிக்கத் தேவையில்லை. அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும். இரண்டு குளியலறை திறந்திருந்தால் இரண்டு குழாய் திறக்கும் என்பது அவர் கொள்கை. அதனால் அவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று.

“நான் கீழே போய் மீட்டரைக் குறிச்சுக்கறேன். நான் போன் பண்ணினதும் ஆரம்பிங்க. குழாயைத் தொடக் கூடாது.”

“சரிங்க சார்.”

பத்து நிமிடம். மகள் கூடத்தில் நின்று நகத்தைக் கடித்தாள். உள்ளே மக் தண்ணீரில் முங்கும் சத்தம் எண்ணி எட்டே முறைதான் கேட்டது. நடுவில் ஒரு தரம் நெடுநேரம் சத்தமே இல்லை. ‘என்ன பண்றார், தூங்கிட்டாரா?’ என்று அம்மா சைகையால் கேட்டாள். கடைசியில் கதவு திறந்தது. தலை ஈரமாக, கண்ணாடி இல்லாமல், சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்த பார்வையில், கல்யாணம் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

அப்போதுதான் டாக்டர் படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது, படியேறியதால் மட்டும் அல்ல.

“ஏழு லிட்டர்!”

“என்னங்க ஏழு லிட்டர்?”

“நான் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கேன், என் கண்ணு முன்னாடி ஏழு லிட்டர் ஏறியிருக்கு! வீட்ல எல்லாக் குழாயும் நான் மூடினது. இவர் குளிக்கிற நேரத்துல ஏழு லிட்டர் எங்கிருந்து வந்துச்சு? குழாயைத் திறந்து குளிச்சுட்டு, வாளியைக் காட்டி ஏமாத்தப் பார்க்கறார். திருட்டு! சுத்தமான தண்ணித் திருட்டு!”

“சார், நான் குழாயைத் தொடவே இல்லை.”

“மீட்டர் பொய் சொல்லுமா? எட்டு மாசமா இவங்க ரெண்டு பேரும் இதைத்தான் சொல்றாங்க. மீட்டர் ஒரு நாள் பொய் சொல்லலை. போதும். துணியை மாத்திக்கிட்டுக் கிளம்புங்க.”

மகளின் ஒன்றரை வருடம், ஏழு லிட்டரில் போய்விட்டது. அவனோ, திட்டு வாங்கியவன் போலவே இல்லை. தலையைச் சாய்த்து, குளியலறைச் சுவரில் காதை வைத்து நின்றான்.

“சார், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஏன்? அங்கேயும் குளிக்கணுமா?”

“இல்லை சார். உஸ்ஸுன்னு ஒரு சத்தம் விடாம வந்துக்கிட்டே இருக்கு. எங்க பம்ப் ரூம்ல இப்படிக் கேட்டா உடனே ஓடணும். எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.”

“அது மேல் வீட்டுச் சத்தம். டெய்லர் அம்மாவுக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் கொடுத்தாச்சு.”

அம்மா மெல்ல, “நான்தான் முதல்ல சொன்னேன், சத்தம் வருதுன்னு” என்றாள். “உனக்குக் காதுல கோளாறுன்னு சொன்னார். அப்புறம் மேல் வீட்டு மேல பழியைப் போட்டார். அந்த அம்மா இப்ப என் முகத்தையே பார்க்கறதில்லை.”

மகளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இத்தனை மாதமும் தினமும் கேட்டுக் கேட்டு, வீடு மூச்சுவிடுகிற சத்தம் என்றே மனது பழகிவிட்டிருந்தது. இப்போது முதல்முறையாக அதைச் சத்தமாகக் கேட்டாள்.

“அப்பா, எல்லாரும் கீழே போலாம். நாலு பேரும்.”

“எதுக்கு?”

“வீட்டைப் பூட்டிட்டுப் போலாம். உள்ள யாருமே இல்லாதப்ப மீட்டர் என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம். மீட்டர்தான் பொய் சொல்லாதே!”

தம் வாயிலிருந்து வந்த சொல்லையே திருப்பித் தந்ததால் டாக்டரால் மறுக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டி, சாவியைத் தாமே வைத்துக்கொண்டார். நால்வரும் கீழே போய், ஒரு மீட்டரைச் சுற்றி நின்றார்கள். மாஸ்டர் இடுப்பில் துண்டு. போகிற வருகிறவர்கள் வண்டியை எடுப்பது போல் நின்று நின்று பார்த்தார்கள்.

மீட்டருக்குள் இருந்த சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றியது. யாரைப் பற்றியும் கவலைப்படாமல், நிதானமாக, தன் பாட்டுக்குச் சுற்றியது. ஒரு லிட்டர். இன்னொரு லிட்டர்.

“யாருங்க வீட்ல குளிக்கறது?” என்று அம்மா கேட்டாள். ரொம்ப அமைதியாகக் கேட்டாள்.

இத்தனை வருடம் மீட்டர் படித்த மனிதர், யார் மீதாவது சந்தேகப்படாமல் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. சந்தேகப்பட வீட்டில் ஆளே இல்லாதபோது என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா கையை நீட்டினாள்.

“உங்க பாத்ரூம் சாவியைக் கொடுங்க.”

கல்யாணமான முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கையை நீட்டி எதையும் கேட்டதில்லை. அவரும் பழக்கமில்லாததால் கொடுத்துவிட்டார்.

மேலே வந்து அந்தக் குளியலறைக் கதவைத் திறந்ததும் சத்தம் தெளிவாகக் கேட்டது. டாக்டருக்கு மட்டும் கேட்கவில்லை. முப்பது வருடம் காதருகே பல் துளைக்கும் மிஷின் அலறி அலறி, மெல்லிய உஸ் எல்லாம் அவர் காதை விட்டு எப்போதோ போயிருந்தது. “எங்கே? எங்கே சத்தம்?” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினான்.

உள்ளே தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது.

“இது என்ன சார், ரத்தமா?”

“செங்கல்” என்றார் டாக்டர், மிகச் சின்னக் குரலில்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் கண்டுபிடித்த திட்டம் அது. தொட்டிக்குள் ஒரு செங்கல்லைப் போட்டால் அந்த இடத்துத் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் மிச்சம். முதல் செங்கல்லைத் தம் கையால் தம் தொட்டியில்தான் வைத்தார். ஆனால் செங்கல்லுக்கு அந்தக் கொள்கை தெரியுமா? ஊறியது, கரைந்தது, உதிர்ந்தது. உதிர்ந்த மணல் அடியில் இருக்கும் ரப்பர் மூடிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. மூடி சரியாக மூடாமல், தண்ணீர் ராத்திரி பகல் பாராமல் ஓடியது.

மாஸ்டர் கையை விட்டுச் சேற்றை அள்ளி எடுத்தான். ரப்பரைத் துடைத்துவிட்டான். உஸ் நின்றது. வீடே திடீரென்று காது அடைத்தது போலானது.

“பத்து நிமிஷத்துக்கு ஏழு லிட்டர்” என்றாள் மகள். “ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர்ப்பா. எட்டு மாசம்.”

“இந்தக் காலத்துல செங்கல்லயும் கலப்படம்” என்றார் டாக்டர்.

அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஒரு கையால் பிடரியைத் தடவினாள். பிறகு அழவுமில்லை, கத்தவுமில்லை. மூவரையும் வெளியே போகச் சொன்னாள். அவருடைய குளியலறைக்குள், அவருடைய சாவியோடு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

டாக்டர் கதவருகே போய் நின்றார். “இந்தா... கோடு போட்ட வாளி வெளிய இருக்கு...”

“தெரியும்” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “மாப்பிள்ளை சாப்பிட்டுட்டுப் போகட்டும். நான் வந்து சமைக்கறேன். நீங்க அதுக்குள்ள மேல போய் டெய்லர் அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வாங்க.”

“எழுத்து மூலமா தெரிவிச்சுடலாம்...”

“நேர்ல.”

‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை மூவருமே கேட்டார்கள். டாக்டர் அதை மறுக்க வாயெடுத்தார். உள்ளே தண்ணீர் இன்னும் பலமாகக் கொட்டியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போனார். போகும்போதோ, திரும்பி வந்த பிறகோ, சாப்பாட்டு மேசையிலோ, ‘சரி’ என்று மட்டும் சொல்லவில்லை. மாஸ்டர் கை கழுவும்போது குழாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி.

அன்றிரவு மகளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. அம்மா சொன்னது அம்மாவின் சரி. அப்பாவின் சரி?

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது, கீழே அறிவிப்புப் பலகையின் முன்னால் கூட்டமாக இருந்தது. அப்பாவின் கையெழுத்தை அவள் தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

‘அன்பார்ந்த குடியிருப்போருக்கு, நமது சங்கம் இன்று முதல் செங்கல் அகற்றும் இயக்கத்தைத் தொடங்குகிறது. தலைவரின் இல்லத்தில் நடத்தப்பட்ட தீவிர ஆய்வின் விளைவாக, ஃப்ளஷ் தொட்டிகளில் செங்கல் வைப்பது தவறான பழக்கம் என்று கண்டறியப்பட்டுள்ளது. இந்தப் பழக்கம் எப்படியோ எல்லா வீடுகளிலும் பரவியுள்ளது. தலைவர் குடும்பத்தின் வருங்கால மாப்பிள்ளையும் பிரபல நீரியல் வல்லுநருமானவர் மாலையில் வீடு வீடாக வந்து தொட்டிகளைச் சரிசெய்து தருவார். ஒத்துழைப்பு தரவும்.’

எப்படியோ பரவியுள்ளதாம்! பன்னிரண்டு வீட்டுக்கும் செங்கல் சுமந்தவர் யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி ஒருமுறை ‘வருங்கால மாப்பிள்ளை’ வரைக்கும் படித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“மாஸ்டர், அப்பா சரின்னுட்டார்.”

“எப்போ? என்ன சொன்னார்?”

“நோட்டீஸ் போட்டுட்டார். நீங்க பிரபல நீரியல் வல்லுநராம்.”

“நானா? நான் சின்னப் பசங்களுக்குக் காலை உதைக்கத்தானே சொல்லித் தர்றேன்?”

“கல்யாணம் வேணுமா, வேண்டாமா?”

“வேணும், வேணும்.”

“அப்ப நீங்க வல்லுநர்தான். சாயங்காலம் ரப்பர் கையுறை வாங்கிக்கிட்டு வாங்க. நம்ம வீட்டுது ஆயிடுச்சு, இன்னும் பதினோரு வீட்டுக் கக்கூஸ் இருக்கு.”